பெயரில்லாக் கல்லறை: சின்னத்திரைக்கு வந்த ஒரு கொலைஞன் கதை

முடிவு தெரிந்த கதையை மனிதர் ஏன் மீண்டும் மீண்டும் கேட்கின்றனர்? ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று நம் ஆலயங்களில் ஆண்டவருடைய பாடுகளின் வரலாறு வாசிக்கப்படுகிறது. யூதாசு காட்டிக் கொடுப்பான், பேதுரு மறுதலிப்பார், பிலாத்து கைகழுவுவான் என்பதெல்லாம் அங்கே நிற்கும் சிறுவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறோம், இயேசு உயிர்விட்ட இடம் வந்ததும் முழந்தாளிடுகிறோம். தவக்காலத்தில் நம் ஊர்களில் விடிய விடிய நடக்கும் பாஸ்கா நாடகத்தின் முன் பாய் விரித்து அமர்ந்திருக்கும் மக்களும் அத்தகையோரே. அடுத்து என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அது எவ்வாறு நடந்தது, யார் யாருடைய கை அதில் இருந்தது என்பதைத் தம் கண்ணால் மறுபடியும் காணவே அவர்கள் வருகின்றனர்.

பக்தி நோக்கம் சற்றும் இல்லாத ஓர் ஆங்கில நாவலாசிரியரும் இந்த உண்மையைக் கண்டுகொண்டார். 1970 சனவரியில், கையில் காசில்லாத பத்திரிகையாளராக இருந்த பிரெடரிக் ஃபோர்சைத், 35 நாள்களில் ஒரு நாவலை எழுதி முடித்தார். பிரெஞ்சு அதிபர் டிகாலைக் கொல்ல ஒரு கூலிக்கொலைஞன் அமர்த்தப்படுகிறான் என்பது கதை. பதிப்பாளர்கள் தயங்கினர். டிகால் கொல்லப்படவில்லை என்பது உலகறிந்த செய்தியாயிற்றே, இதில் என்ன விறுவிறுப்பு இருக்க முடியும் என்று கேட்டனர். அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள் டிகால் தம் இல்லத்தில் இயற்கையாகவே இறந்தார். 1971இல் ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ வெளிவந்தது. உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்றது. கொலைஞன் தோற்பான் என்று முதல் பக்கத்திலேயே அறிந்திருந்த வாசகர்கள், கடைசிப் பக்கம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தனர்.

அந்த நாவல் இப்போது புது உருவம் கொண்டு சின்னத்திரைக்கு வந்திருக்கிறது. ரோனன் பென்னட் உருவாக்கிய பத்துப் பகுதிகள் கொண்ட தொடர் 2024 நவம்பரில் வெளியாயிற்று. எடி ரெட்மெய்ன் கொலைஞனாகவும், லஷானா லிஞ்ச் அவனைத் துரத்தும் பிரிட்டிஷ் உளவுத்துறைப் பெண்ணாகவும் நடித்துள்ளனர். மூல நாவலை எழுதிய ஃபோர்சைத் 2025 சூன் 9ஆம் நாள் தம் 86ஆம் வயதில் காலமானார். ஆகவே நாவலையும் தொடரையும் அருகருகே வைத்து எடைபோட இது தக்க தருணம் என்று கருதுகிறோம்.

இத்தகைய தொடர் நம்மவரை எங்கே எட்டப்போகிறது என்று எண்ண வேண்டியதில்லை. எரியோட்டிலும் வேடசந்தூரிலும் நூற்பாலை இரவுப்பணி முடித்துத் திரும்பும் இளைஞனின் கைப்பேசியில் இலண்டனும் பாரிசும் இருக்கின்றன. தொலைக்காட்சிப் பெட்டியை ஊர் கூடிப் பார்த்த காலம் போய், ஒவ்வொருவரும் தனித்தனியே தம் உள்ளங்கையில் பார்க்கும் காலம் வந்துவிட்டது. தனியே பார்ப்பதைப் பற்றிச் சேர்ந்து பேசுவது அதனால் முன்னிலும் தேவையாகிறது.

வரலாற்றின் வாசல்

நாவல் ஒரு மெய்யான மரண தண்டனையோடு தொடங்குகிறது. 1962 ஆகத்து 22ஆம் நாள் மாலை, பாரிசு நகருக்கு வெளியே பெத்தி கிளமார் என்னுமிடத்தில் டிகாலின் வாகனத்தின்மீது நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பொழிந்தன. உடன் அவர் மனைவியும் மருமகனும் இருந்தனர். ஒருவருக்கும் காயமில்லை. தாக்குதலை நடத்தியவர் விமானப்படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்த பாஸ்தியான் தீரி. அல்சீரியாவுக்கு விடுதலை வழங்கியதால் டிகால் நாட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று அவர் நம்பினார். 1963 மார்ச்சு 11ஆம் நாள் அதிகாலை அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35.

கத்தோலிக்க வாசகர் இங்கே சற்று நிற்க வேண்டும். பாஸ்தியான் தீரி பக்தியுள்ள கத்தோலிக்கர். கையில் செபமாலையோடு துப்பாக்கிகளின் முன் நின்றார். டிகாலும் திருப்பலியைத் தவறவிடாத கத்தோலிக்கர். கொடுங்கோலனைக் கொல்லலாம் என்பதற்குப் புனித தோமாஸ் அக்குவினாரின் போதனையைத் தீரி நீதிமன்றத்தில் துணைக்கு அழைத்தார். ஆனால் தோமையார் அரசாட்சி பற்றி எழுதிய நூலில், கொடுங்கோலை எதிர்ப்பது பொது அதிகாரத்தின் வழியாகவே நடைபெற வேண்டும், தனிமனிதர் தம் துணிவால் அதில் இறங்கலாகாது என்றே அறிவுறுத்துகிறார். கொடுங்கோலனை எவரும் கொல்லலாம் என்ற கொள்கையை 1415இல் கான்ஸ்தான்சு பொதுச்சங்கமும் கண்டித்தது. ஆகவே இந்தக் கதையின் வாசலிலேயே, செபமாலை ஏந்திய கையும் துப்பாக்கி ஏந்திய கையும் ஒன்றாயிருக்கக் காண்கிறோம். ஃபோர்சைத் இதைப் பற்றி மறையுரை ஆற்றவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு நகர்கிறார். கொள்கைக்காகக் கொல்ல முயன்றவர்கள் தோற்ற பிறகு, அவர்களுடைய இரகசியப் படை பணத்துக்காகக் கொல்லும் ஒருவனைத் தேடுகிறது. ஐந்து இலட்சம் டாலருக்கு ஜாக்கல் வருகிறான்.

1973இல் இந்நாவலைத் திரைப்படமாக்கியவர் ஃப்ரெட் ஜின்னமன். புனித தாமஸ் மூரின் வாழ்வை 1966இல் ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ என்று படமாக்கிய அதே இயக்குநர் இவர். மனச்சாட்சிக்காகத் தலை கொடுத்த மனிதனைக் காட்டியவர், ஏழாண்டு கழித்து மனச்சாட்சியே இல்லாத மனிதனைக் காட்டினார். இரண்டிலும் அவருடைய நடை ஒன்றே: மிகை இசை இல்லை, கண்ணீர் இல்லை, செயல் மட்டும் உண்டு. 1988இல் மலையாளத்தில் சிபி மலயில் ‘ஆகஸ்ட் 1’ என்ற படத்தில் இக்கருவைக் கேரள முதலமைச்சர் ஒருவரைக் குறிவைக்கும் கதையாக நம் அண்டை மண்ணுக்குக் கொண்டுவந்தார். மம்மூட்டி துரத்தும் காவல் அதிகாரி, கேப்டன் ராஜு கொலைஞன். 1997இல் ஹாலிவுட் மீண்டும் எடுத்த படம் மூலத்திலிருந்து வெகுதூரம் விலகிற்று. பழைய பெயரை அப்படியே சூட்டிக்கொள்ள ஜின்னமன் இசையவில்லை. இந்த வரிசையில் இப்போது தொடர் வந்துள்ளது.

மாறியவை, அவற்றுள் நல்லவை

பழைய கதையை இக்காலத்துக்குக் கொண்டுவருவது குற்றமன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் அச்சத்துக்கு ஏற்பக் கதையை மாற்றிக் கொள்கிறது. தொடரில் குறிவைக்கப்படுபவர் நாட்டுத் தலைவர் அல்லர். கணினித் தொழிலில் பெருஞ்செல்வரான ஒருவர். உலகப் பணப் பரிமாற்றங்களை எல்லாம் மக்கள் பார்வைக்குத் திறந்து காட்டும் மென்பொருள் ஒன்றை அவர் வெளியிடவிருக்கிறார். அது வெளிவந்தால் தம் செல்வம் அம்பலமாகும் என்று அஞ்சும் சில நிதிமுதலைகள் ஜாக்கலை அமர்த்துகின்றனர். 1963இல் கொலைக்குக் காரணம் நாடு, கொடி, படை மானம். 2024இல் காரணம் கணக்குப் புத்தகம். அதிகாரம் அரண்மனையிலிருந்து பணப்பெட்டிக்கு இடம் பெயர்ந்ததை ஆசிரியர் சரியாகவே கண்டிருக்கிறார். இம்மாற்றத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

துரத்துபவரின் மாற்றமும் பொருள் பொதிந்தது. நாவலின் துப்பறிவாளர் லெபெல் சிறிய உருவமுடையவர். வீட்டில் மனைவிக்கு அஞ்சுபவர். அலுவலகத்தில் மேலதிகாரிகளால் மதிக்கப்படாதவர். பொறுமை ஒன்றே அவர் படைக்கலம். தொடரின் பியாங்கா திறமைசாலி; ஆனால் இலக்கை அடைய எதையும் செய்யத் துணிபவள். துப்பாக்கி செய்பவனின் இருப்பிடத்தை அறிவதற்காக, அவனுடைய உறவினளான ஒரு தாயை வளைக்க வேண்டி, அத்தாயின் மகளைச் சிறைப்படுத்துகிறாள். அந்தப் பெண் காவலிலேயே உயிரிழக்கிறாள்.

நாவலிலும் இதற்கு இணையான பகுதி உண்டு. இரகசியப் படைத் தலைவரின் மெய்க்காவலனான கோவால்ஸ்கி என்னும் முரடனை, அவன் சிறுமகளுக்குக் கொடுநோய் என்று பொய்க்கடிதம் அனுப்பிப் பிரெஞ்சு அரசு வரவழைக்கிறது. பிறகு வதைத்து வாய்திறக்கச் செய்கிறது. அவன் இறந்து போகிறான். மகள்மேல் வைத்த பாசமே அவனுக்குத் தூண்டில் முள்ளாயிற்று. தொடரின் முதற்பகுதியில் ஜாக்கலும் இதையே செய்கிறான். செருமானிய அரசியல்வாதி ஒருவரைக் கொல்ல, முதலில் அவர் மகனைச் சுடுகிறான். மகனைக் காண மருத்துவமனைக்கு ஓடிவரும் தந்தையை மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து வீழ்த்துகிறான்.

ஆகக் கொலைஞனும் அரசும் ஒரே தூண்டிலைப் பயன்படுத்துகின்றனர். ஃபோர்சைத் இதை ஒரு செய்தியைப்போல் குளிர்ந்த குரலில் சொல்லிக் கடந்துவிட்டார். தொடரோ அந்தச் சாவின் சுமையைப் பியாங்காவின் தோளில் ஏற்றி, அவள் குடும்பமும் மனமும் அதனால் எவ்வாறு சிதைகின்றன என்று காட்டுகிறது. நல்ல நோக்கம் தீய வழியைத் தூய்மைப்படுத்தாது என்ற நம் அறநெறிப் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டுவதில்லை. இந்த இடத்தில் தொடர் நாவலை மிஞ்சியிருக்கிறது என்றே சொல்வோம்.

பெயர்

இனி இழந்தவற்றைக் காண்போம். நாவலின் தொடக்கப் பகுதியில் ஜாக்கல் ஒரு காரியம் செய்கிறான். இங்கிலாந்தின் சிற்றூர்க் கல்லறைத் தோட்டங்களில் சுற்றி, தான் பிறந்த காலத்தில் பிறந்து மழலையிலேயே இறந்த ஓர் ஆண் குழந்தையின் பெயரைத் தேடுகிறான். அந்தக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழைப் பெற்று, அதைக் கொண்டு கடவுச்சீட்டும் பெறுகிறான். இவ்வகை மோசடிக்குப் பிரிட்டனில் இந்நாவலின் பெயரே நிலைத்துவிட்டது. அது மட்டுமன்று: இலண்டன் காவல்துறையின் இரகசியக் காவலர்களே இறந்த குழந்தைகளின் பெயர்களில் பல்லாண்டு உலவினர் என்பது 2013இல் வெளிப்பட்டது. பெற்றோர்கள் அடைந்த வேதனை சொல்லுந்தரமன்று.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் நம் பகுதிக் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மங்கிய எழுத்துகளின் மேல் மறுபடியும் வண்ணம் தீட்டி, மெழுகுவர்த்தி ஏற்றும் மக்களுக்கு இந்தத் திருட்டின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. பத்து நாள் மட்டுமே வாழ்ந்த குழந்தைக்கும் நம்மிடையே திருமுழுக்குப் பெயர் உண்டு. பங்குப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. அந்தப் பெயரால் இறைவன் அக்குழந்தையை அழைக்கிறார் என்று நம்புகிறோம். ஜாக்கல் செய்த முதற்கொலை அந்தப் பெயர்க்கொலைதான். துப்பாக்கி வாங்குமுன்பே அது நடந்துவிடுகிறது.

தொடரில் பெயரின் இடத்தை முகம் பிடித்துக்கொள்கிறது. ஒப்பனை வியக்கத்தக்கது; முதியவராகவும் நோயாளராகவும் மாறும் ரெட்மெய்னை நம்மால் அடையாளம் காண இயலவில்லை. ஆனால் முகமூடி கழன்றதும் அங்கே ஒரு முழு மனிதன் கிடைத்துவிடுகிறான். நாவலில் ஜாக்கலின் மெய்ப்பெயர் என்ன, அவன் யார் என்பது கடைசிவரை தெரிவதில்லை. அவன்தான் என்று காவல்துறை உறுதியாக நம்பிய சார்லஸ் கால்த்ராப், விடுமுறை முடிந்து வீட்டுக்குத் திரும்பி வந்து நிற்கிறார். தொடரோ அதே கால்த்ராப் என்ற பெயரையும், ஆப்கானித்தானில் படைவீரனாயிருந்த கடந்த காலத்தையும், எசுப்பானியாவில் அழகிய வீட்டையும், அன்பு மனைவியையும், கைக்குழந்தையையும் ஜாக்கலுக்கு வழங்குகிறது.

கொலைஞனும் மனிதனே, அவனுக்கும் அன்பு செலுத்தத் தெரியும் என்று காட்டுவது தவறா என்று கேட்கலாம். தவறன்று. பாவியிடமும் இறைச்சாயல் உண்டு என்பது நம் விசுவாசம். ஆனால் தொடர் அந்த அன்பைக் கொண்டு என்ன செய்கிறது என்பதே கேள்வி. கொல்லப்படுபவர்களுக்கு அவ்வாறு வீடோ குழந்தையோ பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. அவர்கள் விழுகின்றனர், காட்சி நகர்கிறது. இரக்கம் முழுவதும் ஒரு பக்கத்துக்கே பங்கிடப்படுகிறது. அவன் பிடிபட்டுவிடுவானோ என்று நாமும் பதைக்கிறோம். குறிபார்க்கும் கண்ணாடி வழியே கேமரா நோக்கும்போது, நம் கண்ணும் அந்தக் கண்ணாடியில்தான் பதிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இது வெறும் கலை விவாதம் ஆகாது. ‘கூலிப்படை’ என்பது நம் நாளேடுகளில் பழகித் தேய்ந்த சொல்லாகிவிட்டது. 2016 மார்ச்சு 13ஆம் நாள், நமக்குத் தொலைவில்லாத உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த சங்கர் என்ற பொறியியல் மாணவர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அக்காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி ஊரெல்லாம் சுற்றிற்று. உணவருந்திக்கொண்டே பார்த்தவர்களும் உண்டு. கொலையைக் காட்சியாகப் பார்க்கப் பழகிய கண், மெய்யான கொலையையும் காட்சியாகவே பார்க்கிறது. வாடகைக்குக் கொல்பவனை நேர்த்தியும் துணிவும் உடைய தொழில் வல்லுநனாகக் காட்டும் கதை எதுவாயினும், இந்தப் பழக்கத்துக்கு அது எந்தப் பக்கம் வலுவூட்டுகிறது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

முத்தம்

நாவலின் உச்சத்தை நினைவுகூர்வோம். 1963 ஆகத்து 25, பாரிசு விடுதலை நாள். ஒற்றைக்கால் இழந்த முதிய போர்வீரனாக வேடமிட்டு, பதக்கங்கள் அணிந்து, ஊன்றுகோலுக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு ஜாக்கல் காவலைக் கடக்கிறான். கீழே சதுக்கத்தில் மெய்யான முதிய போர்வீரர்களுக்கு டிகால் பதக்கம் சூட்டுகிறார். குறி பிசகவில்லை, விசை அழுத்தப்படுகிறது. அந்தக் கணத்தில் நெடிதுயர்ந்த அதிபர், எதிரே நின்ற முதியவரின் கன்னத்தில் முத்தமிடத் தலை குனிகிறார். குண்டு தலைக்குப் பின்னே கடந்து போகிறது. பதக்கம் சூட்டியபின் கன்னத்தில் முத்தமிடும் பிரெஞ்சு வழக்கம் ஆங்கிலேயனான கொலைஞனின் கணக்கில் இல்லை. காற்றையும் தொலைவையும் கணக்கிட்டவன், மரியாதையைக் கணக்கிடவில்லை.

இக்காட்சி தமிழ் வாசகரை ஏன் உலுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. வணக்கத்துக்குள் மறைந்த ஆயுதம் நம் இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் மிகப் பழகியது. தொழுத கைக்குள்ளும் படைக்கலம் ஒளிந்திருக்கும் என்று கூடா நட்பு அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். பெரிய புராணத்தில், வாளால் வெல்ல இயலாத முத்தநாதன் திருநீறு பூசி, ஓலைச்சுவடிக்குள் கத்தியை மறைத்துவந்து, தன்னை வணங்கிய மெய்ப்பொருள் நாயனாரைக் குத்துகிறான். 1948 சனவரி 30ஆம் நாள் காந்தியடிகளைக் கொன்றவன் வணங்குபவனைப் போலவே அவர் முன் வந்தான். 1991 மே 21ஆம் நாள் இரவு திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்திக்கு மாலையிட்ட பெண், காலைத் தொட்டு வணங்கக் குனிந்தபோது வெடிகுண்டு வெடித்தது. எல்லாவற்றுக்கும் முன்னே ஒலிவத் தோட்டத்தில் யூதாசு அடையாளமாகத் தந்தது ஒரு முத்தம்.

இவற்றிலெல்லாம் அன்பின் சைகை சாவின் கருவியாகிறது. ஃபோர்சைத்தின் நாவலிலோ போலிப் போர்வீரனின் குண்டிலிருந்து, மெய்யான போர்வீரனுக்கு இட்ட முத்தம் காக்கிறது. யூதாசின் முத்தம் தலைகீழாகத் திரும்பிய இடம் இது. ஆசிரியர் அவ்வாறு கருதி எழுதினாரா என்பது நமக்கு முக்கியமன்று. நற்செய்தியை அறிந்த வாசகர் அதை அங்கே காணாமல் இருக்க இயலாது. உயரமானவர் ஒருவர் சிறியவருக்காகக் குனிந்தார், அதனால் பிழைத்தார்.

தொடரில் இதற்கு ஈடான கணம் இல்லை. ஜாக்கலின் முதல் முயற்சி தோற்பதும், பிறகு வெல்வதும் சந்தர்ப்பமும் திறமையும் சார்ந்த செய்திகளாகவே நிற்கின்றன. இறுதியில் குறிவைத்தவரை அவன் கொன்றே விடுகிறான். பத்து மணி நேரம் ஓடும் கதையில், கொலைஞனின் கணக்குக்கு அப்பாற்பட்ட ஓர் அருளின் கணம் கூட இல்லை என்பதை ஒரு வறுமையாகவே காண்கிறோம்.

கல்லறை

முடிவைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நிறைவுறாது. நாவலில் லெபெல் அறைக்குள் நுழைந்து ஜாக்கலைச் சுட்டு வீழ்த்துகிறார். பெயர் தெரியாத அயல்நாட்டுப் பயணி விபத்தில் இறந்ததாகப் பதிவாகிறது. பெயர் பொறிக்காத குழியில் உடல் புதைக்கப்படுகிறது. ஒரு குரு, ஒரு காவலர், ஒரு பதிவாளர், குழிவெட்டுவோர் இருவர் நிற்கின்றனர். தம் பெயரைச் சொல்ல மறுத்த வேறொரு சிறிய மனிதரும் அங்கே இருக்கிறார். அவர் லெபெல். இறந்த குழந்தையின் கல்லறையிலிருந்து பெயரைத் திருடியவனுக்குத் தன் கல்லறையில் பெயரில்லை. இந்த நீதி எந்த நீதிமன்றமும் வழங்காதது. ஆயினும் அங்கே ஒரு குரு நிற்கிறார். கொன்றவரே அடக்கத்துக்கு வந்து நிற்கிறார். இறந்தோரை அடக்கம் செய்தல் என்ற இரக்கச் செயல், தகுதியைக் கேளாமல் அந்தப் பெயரிலிக்கும் நிறைவேறுகிறது.

தொடரில் பியாங்கா சுடப்பட்டு இறக்கிறாள். ஜாக்கல் பிழைக்கிறான். மனைவியும் குழந்தையும் அவனை விட்டுப் போய்விட்டனர் என்பது மட்டுமே அவனுக்குத் தண்டனை. அதுவும் அடுத்த பருவத்தில் அவன் அவர்களைத் தேடப் போவதற்குக் கதைக்கருவாகிறது. இரண்டாம் பருவம் உண்டு என்ற அறிவிப்பும் வந்துவிட்டது. அவன் சாகாததற்குக் காரணம் கதையின் உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. சந்தா செலுத்தும் பார்வையாளரைப் பிடித்து வைக்க வேண்டும். அதற்குப் புகழ்பெற்ற நடிகர் உயிரோடிருக்க வேண்டும். ஒரு நாவல் முடியலாம். ஒரு திரைப்படம் முடியலாம். தொடரோ முடிவதற்கு அஞ்சுகிறது. முடிவே இல்லாத கதையில் செயலுக்கு விலை கொடுக்க வேண்டிய நாள் வருவதேயில்லை. இந்நாவலைச் சின்னத்திரைக்கு மாற்றியதில் நேர்ந்த பெரிய மாற்றம் இதுவே என்பது நம் கருத்து.

இதற்கு எதிர்நிலையில் நம் நாட்டிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் புலன்விசாரணையை, அனிருத்ய மித்ராவின் நூலைத் தழுவி, நாகேஷ் குக்குனூர் 2025இல் ‘தி ஹண்ட்’ என்ற தொடராக எடுத்தார். நடந்தது அனைத்தும் தமிழ் மக்களுக்கு மனப்பாடம்: திருப்பெரும்புதூர் இரவு, இறந்த புகைப்படக்காரரின் கேமராவிலிருந்து கிடைத்த படங்கள், தேடப்பட்டவர்கள் பெங்களூருக்கு அருகே ஆகத்து மாதத்தில் உயிரை மாய்த்துக்கொண்டது. குறைநிறைகள் எவையாயினும், அத்தொடருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. இறந்தவர்கள் மெய்யாகவே இறந்தவர்கள். அவர்களுடைய வீட்டார் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆகவே கதை நின்றாக வேண்டிய இடத்தில் நின்றது. வரலாறு விதிக்கும் அந்த அடக்கத்தைக் கற்பனையும் தானாக ஏற்றுக்கொள்ளுமானால் அதன் தரம் உயரும். ஃபோர்சைத் ஏற்றுக்கொண்டார். அதனால்தான் அவர் நாவல் அரை நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது.

நாவல் நிகழும் அதே 1963ஆம் ஆண்டின் டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. தீமையைச் சித்திரிப்பதையே அது விலக்கிவிடவில்லை. மனிதனை ஆழமாக அறியவும் நன்மையின் மேன்மையை விளங்கச் செய்யவும் அது பயன்படலாம், ஆனால் அறநெறிக்கு அடங்கியே நடைபெற வேண்டும் என்று அது கற்பித்தது. ஆகவே இத்தொடரைப் பார்க்கவே கூடாது என்று நாம் தடை கூறவில்லை. முதிர்ந்தோர் பார்க்கலாம், நடிப்புக்கும் காட்சியமைப்புக்கும் பாராட்டவும் செய்யலாம். பார்த்தபின் நாவலையும் தேடிப் படியுங்கள் என்று வேண்டுகிறோம். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் பார்த்திருந்தால், கொல்லப்பட்டவர்களில் எத்தனை பேருடைய பெயர் உனக்கு நினைவிருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர்கள் தரும் விடையே இத்தொடருக்குச் சரியான விமர்சனமாக இருக்கும்.

கொலைஞனுக்கும் குறிவைக்கப்பட்டவருக்கும் இடையே வேறொரு முடிவும் இருக்கக்கூடும் என்பதை நம் காலமே கண்டது. 1981 மே 13ஆம் நாள் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலைச் சுட்டவனும் போலிக் கடவுச்சீட்டில் வந்தவனே. 1983 டிசம்பர் 27ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள் கழித்து, திருத்தந்தை உரோமைச் சிறைக்குச் சென்று, அவனுடைய அறையில் நாற்காலியை நெருக்கிப் போட்டு அமர்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். என்ன பேசினார் என்று அவர் வெளியே சொல்லவில்லை. தம்மைக் குத்தியவனைத் தீங்கின்றி ஊர் எல்லைவரை கொண்டுபோய் விடுமாறு பணித்த மெய்ப்பொருள் நாயனாரை அறிந்த தமிழருக்கு அந்தக் காட்சி அந்நியமானதன்று. போலிப் பெயரில் வந்தவனை அவனுடைய சொந்தப் பெயராலேயே சந்தித்த நிகழ்ச்சி அது. எந்தத் தொடர் எழுத்தாளரும் இதுவரை துணிந்து எழுதாத ஒரு பகுதி, அந்தச் சிறை அறையில் சில நிமிடங்களில் நடந்து முடிந்தது.